நான்காம் எண்ணின் கண்கள்

வியாழக்கிழமை மதியம், அதே கணக்கை மூன்றாம் முறை ஓட்டிப் பார்த்தபோதும் விடை மாறவில்லை. சுப்ரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆய்வுக்கூடத்துச் சன்னலோரம் போய் நின்றாள்.

அவள் ஓசூர்ப் பெண். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, அந்த 2007ஆம் ஆண்டோடு மூன்று வருடம் முடிந்திருந்தது. கண்ணில் ஒளி விழுந்ததும் மூளை அதை முதல் சில கணங்களில் என்ன செய்கிறது என்பதைக் கணிதமாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவளுடைய வேலை. விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. அவை சொல்வதை மூளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கிறது. சிவப்பா பச்சையா என்று ஒரு கழித்தல், நீலமா மஞ்சளா என்று இன்னொன்று, இவை போக வெளிச்சமா இருட்டா என்பது தனியாக. அதற்கடுத்த அடுக்கில் உள்ள செல்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் கோடு வந்தால் மட்டும் துடிக்கும். நிறமும் வடிவமும் எந்த இடத்தில் கைகோர்க்கின்றன, எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றை அமுக்குகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

கணினிக்குள் கட்டிய அந்தப் பார்வையை மனிதர்களின் பார்வையோடு ஒப்பிட்டாக வேண்டும். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது கிரானைட். அவளுடைய அண்ணன் சக்தி, சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கிரானைட் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தான். அங்கே அறுத்துப் பாலிஷ் போட்ட கல்லில் ரோஜா நிறமும் சாம்பல் கலந்த பச்சையும் அலை அலையாகப் புரண்டிருக்கும். அந்த அலைகளுக்கு நடுவே மயிரிழை போல விரிசல் ஓடினால் கண்டுபிடிப்பது கடினம். நிறத்தின் கும்மாளத்தில் கோடு தொலைந்துபோகும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

நாற்பது கற்களைப் படமெடுத்தாள். இருபத்திரண்டில் விரிசல் இருந்தது. செக்கிங் ஆட்கள் ஐந்து பேர், ஒவ்வொரு படத்தையும் இரண்டு நொடி பார்த்துவிட்டு, விரிசல் உண்டா, எங்கே என்று சொல்ல வேண்டும். யார் எப்படிச் செய்தார் என்று வெளியே தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். சீட்டுப் போட்டு எண் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஓர் உறைக்குள் போய்விட்டது. கணக்கு முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது என்பது அவளுடைய பேராசிரியரின் கட்டளை.

நான்கு பேர் பதின்மூன்று, பதினான்கு விரிசல்களைப் பிடித்திருந்தார்கள். அவள் கணினிக்குள் கட்டிய மாதிரியும் பதினான்கைத்தான் பிடித்தது. ஆனால் நான்காம் எண் இருபதைப் பிடித்திருந்தது. அது தவறவிட்ட இரண்டு, மற்ற எல்லோரும் பார்த்தவுடன் சொன்னவை. பச்சைப் பரப்பில் துருச்சிவப்பு ஏறிய விரிசல்கள் அவை. குழந்தைகூடக் காட்டிவிடும்.

எல்லோருக்கும் தெரிவது தெரியவில்லை. யாருக்கும் தெரியாதது தெரிகிறது. ஏன் என்று யோசித்தபடி, மாதிரியில் ஒவ்வொரு பகுதியாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். கடைசியில் சிவப்பு பச்சைக் கழித்தலை முழுதாக நிறுத்திவிட்டு ஓட்டினாள். நிறத்தின் சத்தம் அடங்கிய இடத்தில் மெல்லிய கோடுகள் எல்லாம் மேலே எழுந்துவந்தன. மாதிரி இருபது விரிசல்களைப் பிடித்தது. அதே இரண்டைத் தவறவிட்டது. நாற்பதில் முப்பத்தெட்டு விடைகள் நான்காம் எண்ணின் விடைகளோடு அப்படியே பொருந்தின.

அந்த ஆளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை. அவருக்கே அது தெரியுமோ தெரியாதோ.

கணக்கு முடிந்துவிட்டது, இனிப் பிரிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறையைக் கிழித்தாள். நான்கு என்ற எண்ணுக்கு எதிரே, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், சக்தி என்று இருந்தது.

*

அன்று முழுக்க அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கைப்பேசி அடித்தது. தொழிற்சாலை மேலாளர் மோகன்குமார்.

"மேடம், திங்கக்கெழம எனக்கு லிஸ்ட் வந்துடணும். யாரு எத்தன கிராக்க விட்டாங்கன்னு, பேரோட."

"சார், பேரு குடுக்க முடியாதுன்னு அப்பவே சொன்னேனே."

"அது உங்க காலேஜுக்கு. எனக்குமா? ரெண்டு நாளு அஞ்சு பேர வேலையிலேர்ந்து எடுத்து உங்ககிட்ட உக்கார வெச்சேன். போன மாசம் வெளிநாட்டுலேர்ந்து கிராக்குன்னு கம்ப்ளெயின்ட்டு வந்திருக்குது. எவன் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியணும்ல?"

அவள் தயங்குவதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

"உங்க அண்ணனப் பத்திக் கவலப்படாதீங்க. அவருதான் ஃபர்ஸ்ட்டா வருவாரு. அந்தக் கண்ண நம்பித்தான் ரெண்டு மாசமா ஷேடு பாக்கறதையும் அவருகிட்ட ஒப்படைச்சிருக்கேன். நாளைக்கிக் காலைல ஒரு கன்டெய்னர் ஜெர்மனிக்குக் கெளம்புது. மொத்தமும் அவரு பிரிச்சுக் குடுத்த லாட்டுதான்."

ஷேடு பார்ப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரே குவாரிக் கல்லிலும் சில பலகைகளில் ரோஜா தூக்கலாக இருக்கும், சிலவற்றில் பச்சை. இரண்டையும் தனித்தனி லாட்டாகப் பிரித்துக் கட்ட வேண்டும். கலந்துபோனால் வாங்கியவர் வீட்டுத் தரை ஒட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும். அண்ணனிடம் கொடுக்கவே கூடாத வேலை என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது இதுதான்.

இரண்டு மாதமாக எப்படிச் சமாளித்தான்? இதுவரை ஒரு லாட்டும் திரும்பி வரவில்லை. ஒருவேளை தன் கணக்குதான் தப்போ என்று ஒரு கணம் ஆசையாக நினைத்தாள். அவனைக் கைப்பேசியில் அழைக்க இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே நிறுத்தினாள். இதைக் கைப்பேசியில் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை விடிந்ததும் பேருந்து ஏறினாள். அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர்ப் பேருந்து நிலையத்திலேயே கிருஷ்ணகிரிப் பேருந்துக்கு மாறினாள். வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் முகத்தை மறைக்க முடியாது.

*

தொழிற்சாலை வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கன்டெய்னர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் டயர் தடமும் எண்ணெய்ச் சொட்டும் மட்டும் இருந்தன.

உள்ளே, பாலிஷ் முடிந்த பலகைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் நஞ்சம்மா நின்றிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். படம் எடுக்க வந்த நாட்களில் சுப்ரியாவுக்குப் பழக்கம். கையில் தண்ணீர்க் குழாய் இருந்தும் அவள் கழுவவில்லை. எதிரே தாங்கியில் சாய்த்திருந்த பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்ரியாவைக் கண்டதும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"உங்கண்ணனப் பாக்க வந்தியாம்மா? நல்ல வேளைக்கி வந்தே. நான் மூணு நாளா வேலைக்கி வரல. எம்மக சுமலதாவுக்குப் பிரசவம், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில இருந்தேன். இன்னிக்கித்தான் வந்தேன். வந்து பாத்தா இப்படிக் கீது."

"என்னாச்சுக்கா?"

நஞ்சம்மா தாங்கியைக் காட்டினாள். "இது பச்ச லாட்டுல மிஞ்சின கல்லுன்னு எழுதி வெச்சிருக்கறாரு. நீயே பாரு."

ஏழு பலகைகள் இருந்தன. அவற்றில் மூன்று, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, தெளிவாக ரோஜா நிறத்தில் இருந்தன.

"மிஞ்சினதே இப்படின்னா, போனது எப்படி இருக்கும்?" என்றாள் நஞ்சம்மா தாழ்ந்த குரலில்.

சுப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. "இத்தன நாள் அவருக்கு நீங்கதான் சொன்னீங்களா?"

"அவரு ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் கேக்கல. கல்லக் கழுவி வெக்கறப்போ, ரோஸு கல்ல வலப்பக்கம் சாய்ப்பேன், பச்சய இடப்பக்கம் சாய்ப்பேன். அவரு வந்து எழுதிக்குவாரு. மொதல்ல ஒரு நாளு தடுமாறிக்கினு நின்னாரு, பாத்தேன். பாவமா இருந்துச்சு." அவள் குழாயை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் லீவுன்னு சொல்லக்கூட நேரமில்லம்மா. ராத்திரி வலி வந்துடுச்சு, அப்படியே வண்டி ஏறிட்டோம்."

*

சக்தி கழிவுக் கற்கள் குவித்திருந்த பக்கம் கணக்கு அட்டையோடு நின்றிருந்தான். முப்பத்துமூன்று வயது. உயரமானவன், பேச்சு குறைவு. தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன பாப்பா, சொல்லாமக் கொள்ளாம? அம்மாவுக்கு ஒண்ணுமில்லயே?"

"அம்மா நல்லா இருக்காங்க. அண்ணா, உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாதா?"

வழியெல்லாம் வேறு விதமாகக் கேட்க நினைத்து வந்திருந்தாள். இப்படித்தான் வந்தது.

அவன் சிரிக்கப் பார்த்தான். "காலங்காத்தால வந்து என்ன பேச்சு இது?"

"நாலாம் நம்பர் நீதானே. கவரப் பிரிச்சிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "பேரு வெளிய வராதுன்னுதான கையெழுத்து வாங்குன."

"வெளிய வரல. உங்கிட்டதான் சொல்றேன்."

"நீ தெரிஞ்சுக்கிட்டல்ல. அதுவே வெளியதான்."

அவன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். பாலிஷ் இயந்திரங்களின் இரைச்சலில் யாருக்கும் இவர்கள் பேசுவது கேட்காது. ஆனாலும் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

"ரயில்வே மெடிக்கல்லதான் தெரிஞ்சுது," என்றான் சக்தி. "எஞ்சின் டிரைவர் வேலைக்கி எழுத்துப் பரிட்சை பாஸ் பண்ணுனேன்ல. டாக்டர் ஒரு புஸ்தகம் வெச்சிருந்தாரு. பக்கம் பூரா புள்ளியா இருக்கும். என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாரு. மொதப் பக்கத்துல பன்னெண்டுன்னு சொன்னேன். அப்பறம் பொரட்டுறாரு, பொரட்டுறாரு, எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் புள்ளிதான். வெளிய வந்தா, அடுத்து நின்ன பயலுக ஈசியா இருந்துச்சான்னு கேக்குறானுக. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வீட்டுல பிபின்னால வேலை கெடைக்கலன்னு சொன்ன."

"பிபின்னா மாத்திரையோட போயிரும். கண்ணுன்னா எவன் வேலை குடுப்பான்?"

எட்டு வருடமாக அம்மா அவனுடைய சாப்பாட்டில் மட்டும் உப்பைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஷேடு வேலைய வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"என்ன காரணம் சொல்லட்டும்? ப்ரமோஷன் மாதிரி குடுத்தாரு. எல்லாரும் கை குடுத்தாங்க." அவன் அட்டையைப் புரட்டினான். "மூணு நாளா தூங்கல பாப்பா. நஞ்சம்மா வரல. வேற யாருகிட்டயும் கேக்க முடியாது. கல்லு வெளிச்சமா இருந்தா ரோஸு, மங்கலா இருந்தா பச்சைன்னு ஒரு கணக்கு வெச்சு எழுதுனேன். சரியாத்தான் இருக்கும்."

"இல்ல. மிஞ்சின ஏழுல மூணு தப்பு. இப்பப் பாத்துட்டுத்தான் வரேன்."

அவன் அட்டையைக் கல்லின்மேல் வைத்தான். "அங்க போயிக் கண்டுபிடிக்க எத்தனையோ நாளாகும். ஒருவேள கண்டுபிடிக்காமயே போகலாம்," என்றான். சொல்லும்போதே அவன் குரலில் நம்பிக்கை இல்லை.

"எல்லாத்தையும் ஒரே தரையில பதிப்பாங்க அண்ணா. உனக்கு எப்படிச் சொல்றது... ஒரு சுவத்துல பாதிக்கு ஒரு வெள்ளை, பாதிக்கு இன்னொரு வெள்ளைன்னு அடிச்சா உனக்குத் தெரியும்ல, அந்த மாதிரி. வாசல்லயே தெரியும்."

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"நான் மேனேஜருக்குப் பேரு குடுக்க மாட்டேன். யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்," என்றாள் அவள். "ஆனா அந்த லாரி போயிட்டே இருக்கு."

சக்தி கைப்பேசியை எடுத்தான். எண்ணைத் தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினான். கன்டெய்னர் ஓட்டுநர் ஆஞ்சப்பன் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு உள்ளே போய்விட்டால் பிறகு நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை. மூன்றாம் முறை, மணி அடித்து ஓயும் நேரத்தில், எதிர்முனையில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார். குருபரப்பள்ளி தாண்டி நிக்கறேன். இட்லி துன்னுக்கினு இருக்கேன்."

"வண்டிய எடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க."

"ஏன் சார், பேப்பரு ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"ஆமா," என்றான் சக்தி. "விட்டுப்போச்சு."

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மேலாளர் அறை அங்கிருந்து அறுபதடி தூரம்தான். பாதி வழியில் நின்று திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவளும் கூட நடந்தாள்.

*

மோகன்குமார் முதலில் நம்பவில்லை. மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவையும் பச்சைப் பேனாவையும் காட்டி, எது எது என்று கேட்டார். சக்தி சரியாகச் சொன்னான்.

"தெரியுதே, அப்பறமென்ன?"

"இது அழுத்தமான நெறம் சார், பளிச்சுன்னு இருந்தா சமாளிச்சுக்குவேன். கல்லுல இருக்கற வெளிர் நெறத்துல தெரியாது."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "ஆறு வருசமா இங்க இருக்கற. ரெண்டு மாசமா உங்கையெழுத்துல எத்தன லாட்டு போயிருக்குது? அதெல்லாம் எப்படிப் பிரிச்ச?"

சன்னலுக்கு வெளியே நஞ்சம்மா தண்ணீர்க் குழாயைச் சுருட்டுவதுபோல் நின்றுகொண்டிருப்பது சுப்ரியாவுக்குத் தெரிந்தது. சக்திக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"குத்துமதிப்பாப் பிரிச்சேன் சார். யாரும் சொல்லிக் குடுக்கல."

மோகன்குமார் சுப்ரியாவிடம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வியாழக்கெழமதான் சார் தெரியும். அதுவும் என் கணக்கு வழியா."

"நேத்து ஃபோன்ல வாயத் தொறக்கல நீங்க."

அவர் சொன்னது உண்மை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்டெய்னர் கிளம்பியே இருக்காது. பேராசிரியரிடமும் பிறகு இதைச் சொன்னாள். வாக்குக் கொடுத்தபின் வேறு வழியில்லை என்றார் அவர். அது சரிதான் என்றாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

மதியம் ஒரு மணிக்கு லாரி திரும்பி வந்தது. கதவில் போட்டிருந்த முத்திரையை உடைத்தார்கள். கிரேன் ஆபரேட்டர் ராமப்பன், கையில் ரிமோட்டோடு, பண்டல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். ஐம்பது வயது மனிதர். இரண்டு டன் பாரத்தைத் தொட்டில்போல ஆடாமல் இறக்குவார். பெண்கள் பலகைகளைப் பிரித்துக் கழுவினார்கள். ஒன்பது பண்டலில் ஐந்து கலந்திருந்தன.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்தி தள்ளி, தகரக் கொட்டகை நிழலில் நின்றான். அந்தப் பத்தடி தூரத்தை அவன் கடந்து வருவான் என்று சுப்ரியா எதிர்பார்க்கவில்லை. ஆறாவது பண்டலைப் பிரித்தபோது அவன் நேராக வந்து ஒரு பலகையின் முன் நின்றான்.

"சார், இதுல கிராக் இருக்குது."

மோகன்குமார் எரிச்சலோடு பார்த்தார். "அது நைட் ஷிப்டுல செக் பண்ண கல்லு. ரெண்டு பேரு பாத்து ஓக்கே போட்டிருக்கறாங்க."

"இங்கேர்ந்து ஆரம்பிச்சு, இப்படிப் போயி, ஓரத்துல முடியுது." அவன் கல்லைத் தொடாமலே விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டினான்.

மேலாளர் குனிந்து பார்த்தார். சுப்ரியாவும் பார்த்தாள். ரோஜாவும் பச்சையும் சுழன்றோடும் அலைகளைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தன் கணினி மாதிரி தோற்கும் இடத்தில் தன் கண்ணும் தோற்பதை அவள் அன்றுதான் நேரில் கண்டாள்.

நஞ்சம்மா யாரும் சொல்லாமலே பலகைமேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வெயிலில் ஈரம் மேலிருந்து மெதுவாக வடிந்து காயத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஆயிற்று. கல் முழுக்க உலர்ந்தபின்னும் ஒரே ஓர் இழை மட்டும் ஈரம் குடித்துக் கறுப்பாக நின்றது. சக்தி காட்டிய இடத்தில் தொடங்கி, ஓரத்தில் முடிந்தது.

மோகன்குமார் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, "அத ஓரமா வைங்க," என்று மட்டும் சொன்னார். சக்தியிடம், "திங்கக்கெழம வராத. கூப்புடறேன்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

*

எட்டு நாள் அழைப்பு வரவில்லை. சுப்ரியா பெங்களூருக்குப் போகவில்லை. மேலாளருக்கு அவள் கொடுத்தது ஆட்களின் பட்டியல் அல்ல. பெரும்பாலானவர்கள் தவறவிட்ட கற்களின் பட்டியல். கூடவே, நிறம் கோட்டை எப்படி மறைக்கிறது, படத்தின் நிறத்தை நீக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் எவ்வளவு விரிசல் அகப்படும் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவர் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டில் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மூன்றாம் நாள் சக்தி அம்மா சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழவில்லை. கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க மூத்த அண்ணனும் அப்படித்தான். பழுத்த மொளகாயையும் காயையும் ஒண்ணாப் பறிச்சுட்டு வந்து எங்கப்பாகிட்ட அடி வாங்குவான்," என்றாள். பிறகு, தன் வழியாகத்தான் வந்திருக்கிறதா என்று மகளைக் கேட்டாள். சுப்ரியா ஆமாம் என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னதும் நிம்மதியாக இல்லை. அதற்குப் பிறகு அம்மா இரண்டு நாள் சக்தியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் மோகன்குமார் கூப்பிட்டார். சக்திக்கு வேலை உண்டு. ஷேடு பொறுப்பு கிடையாது. செக்கிங்கில் விரிசல் மட்டும் பார்க்க வேண்டும். நைட் ஷிப்டில் பார்த்த கற்களையும் காலையில் அவன் ஒரு தடவை பார்த்த பின்தான் கட்ட வேண்டும். இன்சார்ஜ் என்று அடையாள அட்டையில் இருந்த சொல் எடுக்கப்பட்டது. சக்திக்கு அதுவே போதுமென்று இருந்தது.

ஆனால் முதலாளி இன்னொன்றும் உத்தரவிட்டிருந்தார். தொழிற்சாலையில் இருக்கும் எல்லோருக்கும் கண் பரிசோதனை. ஓசூரிலிருந்து ஒரு டாக்டர் புள்ளிப் புத்தகத்தோடு வந்தார். ஒரே நாளில் முடிந்துவிட்டது. தேறாதவர் சக்தியைத் தவிர ஒருவர்தான். கிரேன் ஆபரேட்டர் ராமப்பன்.

ரிமோட்டில் மேலே தூக்கும் பொத்தானும் கீழே இறக்கும் பொத்தானும் பச்சையும் சிவப்பும். இருபது வருடமாக ராமப்பன் அதை நிறம் பார்த்து அழுத்தியதே இல்லை. கட்டைவிரலுக்கு இடம் தெரியும். சுப்ரியா இதை எழுதி அனுப்பினாள். பொத்தான்மேல் அம்புக்குறி ஒட்டினால் போதும் என்றாள். இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் வந்தது. ராமப்பனை லோடிங்குக்கு மாற்றிவிட்டார்கள். தன்னைவிடப் பாதி வயதுடையவர்களோடு அவர் மரச்சட்டம் தூக்கினார்.

சக்தி அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்விட்டான். மூன்று வாரம் இப்படிப் போனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "நான் அவரு வீட்டுக்குப் போறேன். நீயும் வா பாப்பா. அவரு ஏதாச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது," என்றான்.

ராமப்பனின் வீடு சூளகிரி மலையடிவாரத்தில் இருந்தது. உள்ளே அவருடைய மனைவி மாரம்மாவும், தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்த மகளும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். சக்தி உட்காரவில்லை.

"என்னாலதான் அண்ணா உங்களுக்கு இப்படி ஆச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா டெஸ்டே வந்திருக்காது."

"கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார் ராமப்பன். "மொத வாரம் உன்னப் பாத்தா அடிச்சிடலாம்னு இருந்துச்சு. அப்பறம் கன்டெய்னரு போயிருந்தா உன் கதி என்னான்னு நெனச்சேன். உக்காரு. ஓசூருல வேற கம்பெனில கேட்டிருக்கேன். பாக்கலாம்."

சக்தி உட்கார்ந்தான். மாரம்மா டீ கொண்டுவந்தாள். பிறகு ராமப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளறையின் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி சுப்ரியாவிடம் கேட்டார்.

"இது பொறக்கப்போற கொழந்தைக்கும் வருமாம்மா?"

"உங்க பொண்ணு வழியாப் போகும்ணா. பொண் கொழந்தைன்னா பயமில்ல. பையன்னா பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதின்னா, வரலாம்."

"வரலாம். வராமயும் போகலாம்."

"தடுக்க ஒண்ணுமில்லயா?"

"இல்லண்ணா. ஆனா சின்ன வயசுலயே தெரிஞ்சா, எந்த வேலைக்கிப் போகலாம், எதுக்குப் போக வேண்டாம்னு முன்னாடியே பாத்துக்கலாம். நாலஞ்சு வயசாகட்டும். நானே வந்து பாக்கறேன்."

அவர் தலையசைத்தார். உள்ளறையில் மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வளையல் சத்தம் சட்டென்று நின்றுபோயிருந்தது.

திரும்பும்போது சக்தி வண்டியை மெதுவாகவே ஓட்டினான். தன் விடைகளை ஆய்வில் எழுதிக்கொள்ளச் சொல்லி முந்தின வாரமே அவளுக்குச் சம்மதம் கொடுத்திருந்தான். அதைப் பற்றித்தான் ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். நெடுஞ்சாலையில் ஏறியபின் அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"அம்மாகிட்டேர்ந்து உனக்கும் வந்திருக்குமா பாப்பா?"

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு."

"அதில்ல. ராமப்பன் மக மாதிரி."

"இருக்கலாம்."

"டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?"

"ரத்தத்துல பாக்கலாம்."

"பாக்கப் போறியா?"

எதிரே லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அந்த உறையைக் கிழிப்பதற்கு முன் கேட்டிருந்தால் உடனே சரி என்று சொல்லியிருப்பாள். தெரிந்துகொள்வது எப்போதும் நல்லது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"தெரியல அண்ணா," என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.